தீபத்தன்று நான் போடாமல் விட்ட நான்கு வரிகள்

குமரா,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ போன் பண்ணும்போது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். சென்னையில் உங்கள் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், வந்த விண்ணப்பங்களில் நம்மிடம் வேலை பார்த்த யூசுப்பினுடையதும் இருக்கிறது என்றும் சொன்னாய். அப்புறம், "ஏம்மா, அந்த தீபத்தன்னைக்கு நெட்டைப் படுக்க வச்சது அவர்தானே? ரிப்போர்ட்ல அவர் பேர்தானே இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். "அப்ப வேணாம்மா. பழக்கம் வேற, வேலை வேற. வெள்ளிக்கிழமைக்குள்ள லிஸ்ட்டை முடிக்கணும், அவர் பேரை அடிச்சுடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றைக்குச் சமைத்த கீரையில் உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இன்று வியாழக்கிழமை. நாளைக்குள் இதை நீ படித்தாக வேண்டும் என்பதால் ஒற்றை விரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ மட்டும் படிக்கப் போவதில்லை. நம் நாலு மாவட்டத்து நெட் ஆபரேட்டர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பிலும் இதைப் போடப்போகிறேன். ஏன் என்று போகப்போகப் புரியும்.

எனக்கு அலுத்துவிட்டது, குமரா. வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண் மாசிக்குப் பிறகு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முட்டி வலியால் மாடிக்குப் போய் ரூட்டர் அறையைப் பார்த்தே பத்து நாளாகிறது. உன் அப்பா தேரடித் தெருவில் கேபிள் டிவியாக ஆரம்பித்ததை, அவர் போனபிறகு இன்டர்நெட்டாக மாற்றி, மழையில் அறுந்த வயருக்கும் எலி கடித்த வயருக்கும் பதில் சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று நினைக்கும்போதெல்லாம் யூசுப் முகம் வந்து நிற்கிறது. பெற்ற பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிற வயசு எனக்கு. ஆனால் இதில் புத்தியைவிட என் தப்பை ஒப்புக்கொள்வதுதான் ஜாஸ்தியாக இருக்கும். பொறுத்துப் படி.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. குரூப்பில் இருப்பவர்களின் வீட்டுக்காரிகளும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கும் புரியட்டும். ஊரெல்லாம் இன்டர்நெட் என்பது மேலே எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து நடத்துகிற விஷயம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம்மைப் போன்ற சின்ன நெட்வொர்க்கும் கடல் தாண்டிய பெரிய நெட்வொர்க்கும் அடுத்தடுத்துக் கைகோத்து நிற்பதுதான் அது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம், இன்ன இன்ன முகவரிகளுக்கு, அதாவது நெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள எண்களுக்கு, என் வழியாகப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் அதை நம்பித் தனக்கு அடுத்தவரிடம் சொல்வார். அவர் அவருக்கு அடுத்தவரிடம். சொல்கிறவருக்கு உண்மையிலேயே அந்த வழி உண்டா என்று கேட்கிற கட்டாயம் ஆரம்பத்திலிருந்தே இல்லை. பௌர்ணமியன்று செங்கம் ரோட்டில் ஒரு பார்க்கிங்காரர், தன் காலி மனைக்கு வண்டிகள் வரட்டும் என்று 'கிரிவலப் பாதை இந்தப் பக்கம்' என்று தானே அட்டை எழுதிக் கட்டியதும், ஆந்திரா பஸ்கள் முழுக்க முட்டுச்சந்துக்குள் போய் மாட்டிக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். அதே கதைதான் இங்கேயும். வேண்டுமென்றே பொய் அட்டை கட்டி அடுத்தவர் தபாலைத் தன் வீட்டு வழியாக வரவைத்துப் பிரித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தெரியாமல் கட்டிவிட்டு ஊரையே முட்டுச்சந்தில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது ஜாதி.

யூசுப் நம்மிடம் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவன் அப்பா பெரிய தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கு எதைத் திறக்கலாம் என்பதைவிட எதை மூடி வைக்க வேண்டும் என்பதில்தான் கவனம். எனக்குக் கம்ப்யூட்டர் இங்கிலீஷ் வராது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டளையையும் எழுத்து எழுத்தாக எழுதி, பக்கத்திலேயே தமிழில் அது எதற்கு என்றும் எழுதிக் கொடுத்தான். அந்த நோட்டைப் பார்த்து நானே தட்டக் கற்றுக்கொண்டேன். நீ அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். விடுமுறைக்கு வந்து, நம் முகவரிகள் நமக்குத்தான் சொந்தம் என்று கையெழுத்திட்டுப் பதிந்து வைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அதைச் செய்தே ஆக வேண்டும் என்று என்னைப் பிடுங்கி எடுத்தாய். செய்தோம். இந்த மாவட்டத்தில் அதைச் செய்த முதல் சின்ன ஆபரேட்டர் நாம்தான் என்று குரூப்பில் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. கையெழுத்துப் போட்டாயிற்று, இனி எந்தக் கெடுதலும் வராது என்று நினைத்துவிட்டேன். அந்தக் கையெழுத்து வீடு யாருடையது என்று மட்டும்தான் சொல்லும், வீட்டுக்குக் காட்டுகிற வழி சரியா என்று சொல்லாது என்று யூசுப் இரண்டு மூன்று தரம் சொன்னான். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் தீபத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆறு மணிக்கு மலையைக் காட்டி வீட்டுக்கு வீடியோ கால் பண்ணுவார்கள், நமக்கு நெட் தருகிற வேலூர்க்காரரிடமிருந்து வருகிற நம் ஒரே லைன் திணறும் என்று எனக்குப் பயம். நம்மைப் போலவே நெட் நடத்துகிற கீழ்பென்னாத்தூர் ஏழுமலை வேறு கம்பெனியிடம் லைன் எடுத்து வைத்திருந்தான். அவனிடம் இரண்டாவதாக ஒன்று கேட்டேன். வயர் நம் மாடிவரைக்கும் வந்துவிட்டது. உங்கள் முகவரி லிஸ்டைக் கொடுங்கள், அதை மட்டும் அனுமதிக்கிறேன், மற்றதை அடைத்துவிடுகிறேன் என்று முறையாகத்தான் அவன் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லிஸ்ட் எதுக்குடா, உன் கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்து சாப்பிட்டவ நானு. எல்லாத்தையும் திறந்து வுடு." அவனும் சிரித்துக்கொண்டே திறந்து விட்டான். நம் பக்கத்துத் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. அக்கா சொன்னாள், அண்ணன் சொன்னார் என்று வாய்வார்த்தையில் திறந்து விடுவோம். லிஸ்ட் கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று மனசு கோணும்.

யூசுப் தீபத்தன்று காலையிலேயே அடி அண்ணாமலையில் ஒரு லாட்ஜுக்கு லைன் சரிசெய்யப் போய்விட்டான். போகும்போது, "அக்கா, புது லைனை நான் வந்தப்புறம் சொருகலாம். நோட்டுல கடைசியா எழுதியிருக்கற அந்த நாலு வரியப் போடாம சொருகாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். சாயங்காலம் நான்கு மணிக்கு ஏழுமலை போன் பண்ணி லைன் ரெடி என்றான். கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டதால் யூசுப் வர நேரமாகும் என்று தெரிந்தது. நோட்டை எடுத்தேன். புது லைனைச் சேர்க்கும் கட்டளைகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். கடைசியில் அந்த நான்கு வரிகள் வந்தன. நீளமான வரிகள், ஒரு புள்ளி மாறினாலும் ஏற்காது. கண் மங்கலாக இருந்தது. கையெழுத்துதான் இருக்கிறதே, இதை அவன் வந்து போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வயரைச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. எனக்குள் ஒரு கர்வம், யாரும் இல்லாமல் நானே செய்துவிட்டேன் என்று.

அந்த நான்கு வரிகளும் இல்லாததால் என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வேலூர்க்காரர் எனக்குக் காட்டியிருந்த உலகத்து வழிகளையெல்லாம் என் ரூட்டர் பெட்டி அப்படியே ஏழுமலைக்குச் சொல்லிவிட்டது, எல்லா ஊருக்கும் என் வழியாகப் போகலாம் என்று. ஏழுமலை நம்பினான். அவனுக்கு மேலே இருந்த கம்பெனி அவனை நம்பியது. முகவரிகள் பொய்யில்லை, கையெழுத்துகளும் சரியாக இருந்தன, வழி மட்டும்தான் தப்பு. அதனால் எந்தச் சோதனையிலும் அது மாட்டவில்லை. எத்தனையோ ஊரின் போக்குவரத்து தேரடித் தெரு மாடியில் இருந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழையப் பார்த்தது. அரை மணியில் எல்லாம் நின்றுபோனது. ஆட்டோக்காரர்கள், கடைக்காரர்கள், லாட்ஜ்காரர்கள் எல்லாரும் தீபக் கூட்டம்தான் காரணம் என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். கீழே ஒரு பெண் காணாமல்போன தன் மகளின் படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப முடியாமல் நம் கடை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னேன். அந்தப் படம் போகாமல் நின்றது என்னால்தான் என்று எனக்குத் தெரியாது. குழந்தை பிறகு போலீஸ் பந்தலில் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

யூசுப்புக்கு அங்கேயே புரிந்துவிட்டது. எனக்கு எத்தனையோ முறை போன் போட்டிருக்கிறான், லைன் கிடைக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்தான். ஆறு மணிக்குச் சட்டையெல்லாம் நனைந்து மாடி ஏறினான். நேராகப் போய் ஏழுமலை வயரைப் பிடுங்கினான். அதே நேரத்தில் வெளியே அரோகரா சத்தம் எழுந்தது. மலையைப் பார்க்கக்கூட அவன் திரும்பவில்லை, திரையில் வழிகள் ஒவ்வொன்றாக அடங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் நோட்டைப் பார்த்தான், அந்த நான்கு வரிகளின் மேல் விரலை வைத்தான், என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இனிமேல் வருவதை நீயும் மறந்திருக்க மாட்டாய். கோயிலுக்குப் போயிருந்த நீ ஏழு மணிக்கு வந்தாய். திரையைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று உனக்குப் புரிந்துவிட்டது, யார் செய்தது என்பது மட்டும் புரியவில்லை. "எத்தனை தடவ சொன்னேன், யூசுப்? அந்த நாலு வரி ஃபில்டரப் போடாம யாராவது சொருகுவாங்களா? இதுகூடத் தெரியாம என்ன வேல பாக்கறீங்க?" என்று அவனைக் கேட்டாய். உன்னைவிட நாலைந்து வயது பெரியவன். அவன் என் பக்கம் பார்த்தான். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் காபி போடுகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். குமரா, என் ஆயுசில் நான் செய்த அசிங்கமான காரியம் வயரைச் சொருகினது இல்லை. அந்தப் படிக்கட்டில் இறங்கினதுதான்.

அடுத்த நாள் வேலூர்க்காரர் எழுத்தில் காரணம் கேட்டார். யார் செய்தது, என்ன நடவடிக்கை என்று தெரியாமல் லைனைத் தொடர முடியாது என்றார். நான் யூசுப்பைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் பெயரைப் போட்டுக்கொள்கிறேன், முதலாளியே செய்தாள் என்றால் லைசென்ஸ்வரைக்கும் போகும், இரண்டு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றேன். அவன் "போட்டுக்கோங்கக்கா" என்றான். 'எங்கள் தொழில்நுட்ப ஊழியர் யூசுப்பின் கவனக்குறைவால்' என்று எழுதி அனுப்பினேன். கூடவே அதை ஆபரேட்டர்கள் குரூப்பிலும் போட்டேன், நம் பெயர் கெடக்கூடாது என்று. ஆனால் யாரும் மறக்கவில்லை. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் மற்றொருவருக்கு அனுப்பி, வேலூர், ஆரணி, விழுப்புரம் என்று போனது. யாரும் யூசுப்பிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்னேன், போதும். மூன்றாவது மாதம், அந்த ஆளை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று வேலூர்க்காரர் மறுபடி முணுமுணுத்தார். நான் யூசுப்பை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நாலு மாவட்டத்தில் ஒருவரும் அவனை ரூட்டர் பக்கம் சேர்க்கவில்லை.

ஆறு வருஷம் ஆகிறது. நேற்றுக் காலை பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். அங்கே ஒரு உரக்கடையில் ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தான் யூசுப். முன்தலை வழுக்கை விழுந்திருக்கிறது. இரண்டு பெண் பிள்ளைகளாம். இறங்கி வந்து ஸ்டூல் எடுத்துப் போட்டான், டீ வாங்கிக்கொண்டு வந்தான், அக்கா என்றே கூப்பிட்டான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. உண்மையை எழுதி உனக்கு அனுப்பப்போகிறேன் என்று சொன்னேன். மன்னிச்சுடு என்றும் சொன்னேன். அவன் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே இருந்தான்.

அப்புறம் சொன்னான். "குமரனுக்கு மட்டும் எழுதறதா இருந்தா வேணாங்கக்கா. அப்ப குரூப்புல போட்டீங்க இல்ல, இப்பவும் அங்கயே போடுங்க. பொதுவா யாரோ ஒரு ஊழியர்னு போடாதீங்க. அன்னைக்கு என் பேரைப் போட்டுத்தான எழுதுனீங்க? இன்னைக்கும் என் பேரைப் போட்டே எழுதுங்க." மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் இருந்த அம்மாள் தலைவலித் தைலம் கொடுத்தாள்.

நீ நாளைக்கு என்ன முடிவு எடுப்பாய் என்பது உன் பாடு, உன் கம்பெனி பாடு. எனக்காக அவனை எடு என்று கேட்கமாட்டேன். அப்படிக் கேட்டால் ஏழுமலையிடம் கேட்ட மாதிரிதான் ஆகும். அவனைக் கூப்பிட்டுக் கேள்வி கேள், பெட்டிமுன் உட்காரவைத்துப் பார், உனக்கு மேலே இருப்பவர்களையும் பார்க்கச் சொல். நான் சொன்னேன் என்பதற்காக அன்று லிஸ்ட்டில் அவன் பேரை அடித்தது போல, நான் சொன்னேன் என்பதற்காக இன்று அதை எழுதாதே. பெற்றவளாகவே இருந்தாலும் ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேள். செவ்வாய்க்கிழமை நீ அப்படி இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் ஒருவேளை நான் உண்மையை உளறியிருப்பேன். ஆனால் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவனுக்கு நீயே ஒரு போன் பண்ணு. அந்த ஏழு மணிக்கு நீ பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது, அது நீதான் கேட்க வேண்டும்.

ஏழுமலையும் குரூப்பில் இருக்கிறான், இதைப் படிப்பான். வேலூர்க்காரரும் படிப்பார். லைசென்ஸ் என்ன ஆகுமோ, வாங்க வந்த கம்பெனி பின்வாங்குமோ, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பழைய நோட்டை இன்று பீரோவிலிருந்து எடுத்தேன். நான் விட்டுவிட்ட நான்கு வரிகளுக்குப் பக்கத்தில் யூசுப் தமிழில் எழுதியிருந்ததை அப்படியே கீழே தருகிறேன். தெரிந்தவர்கள் என்று சொல்லித் திறந்து விடுகிற நம் ஆட்கள் யாருக்காவது உதவும்.

"நம்ம முகவரிய மட்டும் வெளிய சொல்லணும். ஒருத்தர்கிட்ட கேட்ட வழிய இன்னொருத்தருக்குச் சொல்லக்கூடாது. எதிர்ல இருக்கறவங்களும் லிஸ்ட்ல இருக்கறத மட்டும் எடுத்துக்கணும். அளவுக்கு மேல வந்தா லைன் தானா துண்டிக்கணும்."

அந்த வருஷம் தீபத்தன்று இதைப் போடாமல் வயரைச் சொருகியது நான். அடி அண்ணாமலையிலிருந்து நடந்து வந்து அதைப் பிடுங்கியவர் பெயர் யூசுப். கவனக்குறைவு என்று நான் எழுதிக் கொடுத்தது பொய். அந்தப் பழைய ரிப்போர்ட்டை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்கள் எல்லாருக்கும் இதையும் அனுப்புங்கள்.

குரூப்பில் போட்டுவிட்டேன், குமரா. உனக்கு இப்போதுதான் அனுப்புகிறேன்.

உன் அம்மா